எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய போனின் மதிப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள், ஏற்பதா மறுப்பதா?

பனித்துளி (கேள்வி):

புதுப் போன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன், எல்லாம் ஆன்லைனில்தான். என்ன மாடல், எவ்வளவு மெமரி, ஆன் ஆகிறதா, திரையில் விரிசல் உண்டா, பின்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று ஐந்தாறு கேள்விகள் வந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னேன், 'நல்ல நிலை' என்று ஒரு மதிப்பைக் காட்டியது. அந்தத் தொகையை நம்பித்தான் புதுப் போனையே ஆர்டர் செய்தேன், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் பழையதையே ஓட்டியிருப்பேன்.

அவர்களே அனுப்பிய பெட்டியில் வைத்து கூரியரில் கொடுத்தேன். பதினோரு நாள் கழித்து ஒரு மெயில். பரிசோதனையில் திரையில் விரிசல் இருப்பது தெரியவந்ததாம், அதனால் மதிப்பு திருத்தப்பட்டிருக்கிறதாம். முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கூடவே ஒரே ஒரு படம்: கறுப்புத் திரை, மேல் மூலையில் மெல்லியதாக ஒரு கோடு, வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அது என் போன்தான் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அணைத்து வைத்தால் அந்த மாடல் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

அனுப்புவதற்கு முந்தின ராத்திரி வரை அதைத்தான் பயன்படுத்தினேன். நாள் முழுக்க விரல் படுகிற இடத்தில் விரிசல் இருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்?

மெயிலின் அடியில் சின்ன எழுத்தில், 5 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் திருத்திய மதிப்பை நான் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம் என்று போட்டிருக்கிறது. அதில் 2 நாள் போய்விட்டது. சாட்டில் கேட்டால், பரிசோதனைக் குழுவின் முடிவே இறுதி என்ற ஒரே வரியை மூன்று தடவை அனுப்பினார்கள்.

என்னிடம் இருப்பது அனுப்பும் முன் எடுத்த 4 படங்கள். முன்பக்கம் திரை எரியும்போது ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஓரங்கள் தெரிகிற மாதிரி ஒன்று, பேட்டரி ஹெல்த் 86 சதவீதம் என்று காட்டும் பக்கம் ஒன்று. வீடியோ எடுக்கவில்லை. பெட்டியில் வைத்து ஒட்டியதையும் படம் எடுக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியுமா, இல்லை கொடுப்பதை வாங்கிக்கொள்வதுதான் வழியா? தொகை எனக்குச் சின்னதில்லை.

திருப்புளி:

முடியும். ஆனால் முதல் வேலையாக, இன்றைக்கே, 'திருத்திய மதிப்பை நான் ஏற்கவில்லை, இதில் எனக்கு மறுப்பு இருக்கிறது' என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஒரு வரி போதும், விளக்கமெல்லாம் நாளை எழுதிக்கொள்ளலாம். அந்த 5 நாள் கெடு சும்மா கழிந்துவிட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும், அதற்கப்புறம் உங்களிடம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் போனை உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வழக்கில் ஒரே சாட்சி அந்தப் போன்தான், அது அவர்கள் கையில் இருக்கிறது.

மெயிலில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பட்டன் இருந்தால் மறுப்பதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பல இடங்களில் அதை அழுத்தினால் போனைத் திருப்பி அனுப்பிவிட்டு விஷயத்தை அதோடு முடித்துவிடுவார்கள், மறுபரிசோதனை என்ற பேச்சே வராது. முதலில் மெயில். கெடுவின் கடைசி நாள் வரை பதிலே வரவில்லை என்றால் அப்போது அழுத்துங்கள். போன் கைக்குத் திரும்பினால் வேறு இடத்தில் கொடுக்கலாம், தனியாக விற்கலாம்.

சாட்டில் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், அவர்கள் கண்ணால் அந்தப் போனைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம், போனில் விரிசல் இல்லவே இல்லை என்று நீங்கள் நூறு தடவை சொன்னாலும் அது உங்கள் வாய்ச்சொல், அவர்களிடம் ஒரு படம் இருக்கிறது. அதனால் வாதத்தை அங்கே கொண்டுபோகாமல், அந்தப் படம் என் போனுடையது என்று காட்டுங்கள் எனக் கேளுங்கள். ஐஎம்இஐ 15 இலக்க எண், ஒவ்வொரு போனுக்கும் தனி. போன் கையில் இல்லாவிட்டாலும் பழைய பெட்டியின் ஒட்டுச்சீட்டிலும் வாங்கிய பில்லிலும் இருக்கும். அந்த எண் திரையில் தெரிய, விரிசல் என்று சொல்லும் இடமும் அதே படத்தில் தெரிய ஒரு படம் கேளுங்கள். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படமோ வீடியோவோ இருந்தால் அதையும் கேளுங்கள். வழியில் கூரியரில் அடிபட்டிருந்தால் அது வேறு கணக்கு, பெட்டியும் ஒட்டுச்சீட்டும் அவர்கள் கொடுத்ததாக இருந்தால் அந்தப் பொறுப்பு யாருடையது என்று நிபந்தனைகளில் பாருங்கள்.

உங்கள் 4 படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து எடுத்து இணைக்காதீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த தேதி நேரம் எல்லாம் போய்விடும். கேமராவில் எடுத்த அசல் கோப்பையே மெயிலில் இணையுங்கள். நீங்கள் அனுப்புவதற்கு முன் எடுத்தது என்பதை நிரூபிப்பது அந்தத் தேதிதான்.

கார்காலம்:

திருப்புளி சொன்ன கெடு விஷயத்தை நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். என்னுடையது லேப்டாப். பேட்டரி மோசம் என்று குறைத்தார்கள். அனுப்பும் முன் சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கையை (பேட்டரி எத்தனை முழுச் சார்ஜ் பார்த்திருக்கிறது என்ற கணக்கு) குறித்து வைத்திருந்தேன், 200 சொச்சம்தான், என் மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 1000. நல்ல ஆதாரம். ஆனால் அந்த வாரம் வீட்டில் உடம்பு சரியில்லாதவர் ஒருவர், மெயிலை நான் பார்த்ததே எட்டாம் நாள். திருப்பிக் கேட்டபோது மறுசுழற்சிக்குப் போய்விட்டது என்றார்கள். ஆதாரம் இன்னும் என்னிடமே இருக்கிறது, காட்டத்தான் ஆள் இல்லை. இன்றைக்கே மெயில் போடுங்கள்.

தரம்பிரிப்பவர்:

இரண்டு வருஷம் இந்த வேலையிலேயே இருந்தேன். திரும்பி வரும் போன்களைப் பார்த்துத் தரம் போடுவது. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எல்லா இடத்திலும் இப்படியே என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஐஎம்இஐ ஸ்கேன், பூட்டு இருக்கிறதா என்ற சோதனை. பழைய கணக்கிலிருந்து வெளியேறாமல் அனுப்பிய போன்கள் நிறைய வரும், அவற்றின் மதிப்பு அப்போதே விழுந்துவிடும். (அது மட்டும்தான் காரணம் என்றால் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கணக்கைத் திறந்து அந்தச் சாதனத்தை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், சண்டையே தேவையில்லை.) அப்புறம் ஒரு சாஃப்ட்வேர், தொடுதிரை, மைக், ஸ்பீக்கர், கேமரா, சென்சார், பேட்டரி எல்லாவற்றையும் அதுவே ஓட்டிப் பார்க்கும். அடுத்தது திரை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்க விடுவோம். கடைசியாக அணைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்து அடித்து மேற்பரப்பைப் பார்ப்போம். கோட்டின் மேல் நகத்தை ஓட்டுவோம், நகம் மாட்டினால் ஆழமான கீறல், மாட்டாவிட்டால் மேலோட்டமானது. ஒரு போனுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

சொந்தக்காரருக்குத் தெரியாத குறைகள் உண்மையிலேயே உண்டு, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைத்த மதிப்பு எல்லாமே ஏமாற்று என்று நினைப்பது தவறு. ஓஎல்இடி திரையில் கீபோர்டு வரும் இடத்திலும் மேலே பேட்டரி, நேரம் காட்டும் இடத்திலும் நிழல் மாதிரி தங்கிவிடும். சாம்பல் நிறத்தை முழுத் திரைக்கும் விட்டால்தான் அது கண்ணுக்குத் தெரியும், அன்றாடம் பார்ப்பவருக்குத் தெரியாது. எல்சிடியில் வெளிச்சமான புள்ளிகள் வெள்ளைப் பின்னணியில்தான் தெரியும். சிம் ட்ரே துளைக்குள் ஈரம் காட்டும் ஒட்டு ஒன்று பல போன்களில் இருக்கும், தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகும், அதைத் திறந்து பார்க்கிற சொந்தக்காரர் யாரும் இல்லை. இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் விஷயத்தில் சொல்லியிருப்பது விரிசல். அது நிழல் மாதிரி கண்ணுக்குத் தப்புவதில்லை. எனக்கு ஒரு சந்தேகம். போனை டெம்பர் கிளாஸோடு, அதாவது திரைக்கு மேல் ஒட்டும் பாதுகாப்புக் கண்ணாடியோடு, அனுப்பினீர்களா?

அவர்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் கோடு போனின் உலோக விளிம்பு வரை போகிறதா, இல்லை விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே சட்டென்று நின்றுவிடுகிறதா? திரை ஓரத்தில் வளைவு இருப்பதால் டெம்பர் கிளாஸைக் கொஞ்சம் சின்னதாகத்தான் வெட்டியிருப்பார்கள், அதனால் அதில் விழும் விரிசல் அதன் ஓரத்தோடு முடிந்துவிடும். அந்த ஓரமே படத்தில் இரண்டாவது கோடாக மங்கலாகத் தெரியும். நாங்கள் அதை உரிக்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. உரிக்கும்போது அடியில் இருக்கும் திரைக்கு ஏதாவது ஆனால் எங்கள் தலையில் விழும். அதனால் மேலே விரிசல் தெரிந்தால் விரிசல் என்றே பதிவாகும். நானே அப்படிப் பதிவு செய்திருக்கிறேன், அது சரியில்லை என்று அப்போதும் தோன்றியது.

பனித்துளி:

இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. ஆமாம், டெம்பர் கிளாஸோடுதான் அனுப்பினேன். திரைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எடுக்காமல் விட்டேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். கோடு விளிம்பைத் தொடவில்லை, முன்னாலேயே நிற்கிறது. அது நிற்கிற இடத்தில் விளிம்புக்கு இணையாக இன்னொரு மெல்லிய கோடு ஓடுகிறது. நான் எடுத்த முன்பக்கப் படத்திலும் அதே மூலையில் டெம்பர் கிளாஸ் ஓரத்தில் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருப்பது தெரிகிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. ஒருவேளை அந்தச் சில்லிலிருந்து வழியில் விரிசல் நீண்டிருக்கலாம்.

காலையிலேயே ஒரு வரி மறுப்பு மெயில் அனுப்பிவிட்டேன். டிக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) வந்திருக்கிறது. இப்போது விளக்கமாக எழுத வேண்டும், கோபத்தில் எழுதினால் பெரிதாகப் போய்விடுகிறது. யாராவது எப்படி எழுதுவது என்று சொல்ல முடியுமா?

திருப்புளி:

படிக்கிறவர் ஒரு நிமிடத்தில் படித்து முடிக்க வேண்டும், அதை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் ஏமாற்றம், நம்பிக்கை, வாடிக்கையாளராக எத்தனை வருஷம், அதெல்லாம் நியாயம்தான், ஆனால் இந்த மெயிலில் வேண்டாம். இப்படி எழுதுங்கள், எண்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

'டிக்கெட் எண் இது, ஐஎம்இஐ இது. இந்தத் தேதியில் நீங்கள் உறுதி செய்த மதிப்பு இவ்வளவு, இந்தத் தேதியில் திருத்திய மதிப்பு இவ்வளவு, காட்டிய காரணம் திரையில் விரிசல். இந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள கோடு திரை விளிம்புக்கு முன்பே முடிகிறது, அது போனின் மேல் ஒட்டியிருக்கும் டெம்பர் கிளாஸில் உள்ள விரிசல். அதை நீக்கிவிட்டு மறுபரிசோதனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன், நீக்குவதற்கு என் சம்மதத்தை இதன் மூலம் தருகிறேன். நீக்கிய பின் ஐஎம்இஐ எண்ணும் அந்த மூலையும் ஒரே படத்தில் தெரியும்படி அனுப்புங்கள். இதற்கு முடிவு தெரியும்வரை போனை அழிக்கவோ விற்கவோ மறுசுழற்சிக்கு அனுப்பவோ வேண்டாம். அனுப்பும் முன் எடுத்த 4 படங்களை இணைத்திருக்கிறேன்.'

உரிக்கச் சம்மதம் தருகிற வரி முக்கியம். அவர்கள் உரிக்காமல் இருப்பதற்குக் காரணமே அந்தப் பயம்தான் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். உரிக்கும்போது அடியில் இருப்பது உடைந்தால் என்ன செய்வது என்று நீங்கள் தயங்கலாம், ஆனால் இப்போதே விரிசல் விலைதான் தருகிறார்கள், இதற்கு மேல் அந்தக் காரணத்துக்காகக் குறைக்க ஒன்றும் இல்லை.

நடுப்பகல்:

பணம் எந்த வழியில் போகிறது என்பதையும் பாருங்கள், யாரும் அதைக் கேட்கவில்லை. புதுப் போன் வாங்கும்போதே எக்ஸ்சேஞ்ச் தொகையைக் கழித்துவிட்டு மீதியை வாங்கினார்களா? அப்படியானால் இப்போது வித்தியாசத்தை உங்கள் கார்டிலிருந்து எடுப்பார்கள். அது நீங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு பிடித்தம், கார்டு கொடுத்த வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துப் பார்க்கலாம், அதற்கும் கெடு உண்டு. மாறாக, போனைப் பார்த்த பிறகுதான் பணம் தருவோம் என்ற ஏற்பாடு என்றால் உங்கள் கார்டிலிருந்து எதுவும் போகவில்லை, குறைவாகத் தருகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு வங்கியிடம் போய்ப் பயனில்லை. அந்த இடத்தில் நிறுவனத்தின் உள்ளேயே மேல்நிலைக்குப் போக வேண்டும், அப்புறம் உங்கள் நாட்டில் நுகர்வோர் புகாருக்கு என்ன அமைப்பு இருக்கிறதோ அது.

வங்கிக்குப் போவதானாலும் மறுபரிசோதனை கேட்டு அதற்கு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். விற்றவரிடம் முதலில் பேசிப் பார்த்தீர்களா என்றுதான் அவர்கள் முதல் கேள்வி இருக்கும்.

பனித்துளி:

என்னுடையது இரண்டாவது வகை, பார்த்த பிறகுதான் தருவார்கள். சரி, திருப்புளி எழுதியதை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன். நன்றி.

சிறுதூறல்:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும், நான் அடுத்த வாரம் ஒரு டேப்லெட்டை இப்படி அனுப்பப் போகிறேன். என்னென்ன செய்துவிட்டு அனுப்ப வேண்டும்?

தரம்பிரிப்பவர்:

டெம்பர் கிளாஸ், கவர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இந்தத் திரியைப் பார்த்த பிறகு காரணம் சொல்ல வேண்டியதில்லை. திரையைத் துடைத்துவிட்டு முழுப் பிரகாசத்தில் வெள்ளைப் படம் ஒன்று, சாம்பல் படம் ஒன்று திரை முழுக்க வைத்து இன்னொரு போனில் படம் எடுங்கள். நாங்கள் பார்க்கிற அதே குறை இருந்தால் அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், அப்போது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே அதைச் சொல்லிவிடலாம். முதலில் காட்டும் மதிப்பு குறையும்தான், ஆனால் அது நிற்கும். அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம். நான்கு மூலைகளும் தனித்தனியாக, ஏனென்றால் கீழே விழுந்த அடையாளம் மூலையில்தான் இருக்கும்.

ரொம்ப முக்கியமானது ஒரே மூச்சில் எடுத்த வீடியோ. சீரியல் எண் திரையில் தெரிவதில் தொடங்கி, சுற்றிக் காட்டி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, கூரியர் ஒட்டுச்சீட்டு தெரிகிற வரை நிறுத்தாமல் எடுங்கள். நடுவில் நிறுத்தினால் அதே சாதனம்தானா என்ற கேள்வி வரும்.

அழிப்பதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், அப்புறம் அமைப்புகளுக்குள் போய் அழியுங்கள். ஆண்ட்ராய்டில் கணக்கு உள்ளே இருக்கும்போதே பட்டன்களை அழுத்திப் பிடித்து ரிக்கவரி வழியாக அழித்தால் பூட்டு அப்படியே நிற்கும், திறந்தவுடன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள், எத்தனை பேர் மறந்து அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் மனம் கஷ்டப்படும், குழந்தைகளின் படங்களெல்லாம் அதில் இருக்கும்.

பனித்துளி:

ஒன்பது நாள் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்கிறேன். இரண்டு நாள் பதில் இல்லை. கெடு முடியும் நாளில், கணக்கு மறுபரிசோதனைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு மெயில் வந்தது, அதனால் மறுக்கும் பட்டனை அழுத்தவில்லை. நேற்று முடிவு வந்தது. டெம்பர் கிளாஸை எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், திரையில் விரிசல் இல்லை. ஐஎம்இஐ தெரிகிற படமும் அனுப்பியிருக்கிறார்கள், என் பில்லில் உள்ள எண்தான்.

ஆனால் முழுத் தொகை இல்லை. கீழ் இடது மூலையில் உலோக ஓரம் நசுங்கியிருக்கிறது என்று ஒரு படி இறக்கியிருக்கிறார்கள், முதலில் சொன்னதில் 85 சதவீதம் வருகிறது. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது, உடனே இன்னொரு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். அப்புறம் ஓரங்கள் தெரிய நான் எடுத்த அந்த மூன்றாவது படத்தைத் திறந்து பார்த்தேன். நசுங்கல் அதில் இருக்கிறது, அரிசி அளவுதான், ஆனால் இருக்கிறது. கேள்வி கேட்டபோது ஓரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்று வாதாடலாமா என்று யோசித்தேன். நிபந்தனைகளைத் திரும்பப் படித்தபோது, 'நல்ல நிலை' என்றால் ஓரங்களில் பள்ளம் இருக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது, நான்தான் அந்தப் பகுதியைத் திறக்கவில்லை. அதனால் 85 சதவீதத்தை ஏற்றுக்கொண்டேன்.

தரம்பிரிப்பவர்:

சரியான முடிவு. மூலையில் நகம் இறங்குகிற பள்ளம் இருந்தால் நானும் ஒரு படி இறக்கித்தான் போட்டிருப்பேன். பணம் கணக்கில் வந்து சேரும்வரை அந்தப் படங்களை அழிக்காதீர்கள்.